பன்னுக்குள் ஒரு சைபீரியக் குருவி: மட்டக்களப்பு முதல் லகுகலை வரை

வெள்ளி: மட்டக்களப்பு

இந்தப் பயணத்துக்கு இலக்கு ஒரே ஒரு பறவை. இலங்கைக் கையேடுகளில் அது ரஸ்ட்டி-ரம்ப்ட் வாப்ளர் என்றும் பல்லாஸஸ் கிராஸ்ஹொப்பர் வாப்ளர் என்றும் இரண்டு பெயரில் கிடக்கும். இங்கே செம்பிட்டக் கதிர்க்குருவி என்று எழுதுகிறோம். பழைய கையேடு வைத்திருப்போர் லொகஸ்ட்டெல்லா பேரினத்தின் கீழ் தேடவேண்டும். 2018க்குப் பிறகு ஹெலொப்சால்ட்டீஸ் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். பீட்டர் சைமன் பல்லாஸ் 1811இல் விவரித்த இனம். சைபீரியா, மொங்கோலியா, வடகிழக்குச் சீனா என்று அங்கெல்லாம் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்காசியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் இறங்கும்.

அரிய பறவை என்று சொல்கிறோம். ஆனால் அதில் பாதி அதன் குணத்தால் வந்த அருமை. வந்து சேர்வதும் குறைவுதான். வந்ததும் புல்லின் அடியில் நடந்தே வாழும், காலில் மிதிபடும் அளவுக்கு நெருங்கினால் ஒழியப் பறக்காது. எனவே சும்மா நடந்து போய்ப் பார்க்கலாம் என்றால் நடக்காது. எங்கே, எந்த உயரப் புல்லில், எந்த நேரத்தில் என்பதை முதலே தீர்மானிக்கவேண்டும்.

பெப்ரவரி நடுப்பகுதியைத் தெரிவு செய்ததற்குக் காரணம் தண்ணீர். வாடைக்காற்று மழை கார்த்திகை, மார்கழியில் கிழக்கை மூழ்கடிக்கும். அப்போது சதுப்பு முழுக்க ஒரே தண்ணீர், குருவி எங்கேயும் இருக்கலாம். தை கழிந்து நீர் இறங்க, பன்னுக்கும் (பாய் இழைக்கும் கோரை) தண்ணீருக்கும் நடுவே ஒரு சேற்றுக்கரை வெளிப்படும். பூச்சி அங்கே, குருவியும் அங்கே. இதே நேரத்தில் வேளாண்மை வெட்டும் நடப்பதால் வயலுக்குள் இருந்தவை எல்லாம் வாய்க்கால் ஓரப் புல்லுக்குத் தள்ளப்படும். இரண்டும் சேர்ந்து தேடவேண்டிய பரப்பைச் சுருக்கித் தருகின்றன. ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகு தேடிப் பயனில்லை, வடக்கே கிளம்பிவிடும்.

இன்று பின்னேரம் கல்லடிப் பக்க வாவிக்கரையில் காதைத் தயார்படுத்தும் வேலை மட்டும். அரிய குருவியைத் தேடுகிறவர் முதலில் சாதாரணமானதைச் சத்தத்திலேயே கழிக்கத் தெரிந்திருக்கவேண்டும். பற்றைக்குள் இருந்து "டக்… டக்… டக்" என்று நாக்கைச் சப்புக் கொட்டியதுபோன்ற சத்தம் வந்தால் அது பிளைத்ஸ் ரீட் வாப்ளர். ஒக்டோபர் தொடக்கம் ஏப்ரல் வரை கிழக்கின் வேலி, பற்றை, தோட்டம் எல்லாவற்றிலும் இருக்கும் வலசைக் குருவி. முதுகில் கோடு கிடையாது, ஒரே மண்பழுப்பு. சம்புக்குள் இருந்து "கர்ரா கர்ரா கீத்" என்று கரகரத்தால் அது கிளாமரஸ் ரீட் வாப்ளர். பெரிய உடம்பு, நீண்ட அலகு, இங்கேயே கூடு கட்டும் குருவி. மரத்தின் மேல்தட்டில் இருந்து "சிஸ்-வி-ரீ" என்று மூன்று துண்டாக வருவது கிரீன் வாப்ளர். இந்த மூன்றும் காதில் ஏறிவிட்டால் நாளைக்கு முக்கால்வாசிச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையிராது.

சாமான்கள் பற்றி. 8×42 தொலைநோக்கி போதும். பத்து மடங்கு என்றால் பார்வைப் பரப்பு குறுகும், கையும் ஆடும். இந்தக் குருவி ஐந்து மீற்றருக்குள் ஒரு கணம் தோன்றி மறையும் சாதி, எனவே இரண்டு மூன்று மீற்றரிலேயே குவியக்கூடிய கருவியா என்று பார்த்து எடுக்கவேண்டும். முக்காலித் தொலைநோக்கியை வீட்டிலேயே விடலாம். முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ் கட்டாயம், முதலாவது காரணம் கண்ணாடி விரியன், சேறு அதற்குப் பிறகுதான். போனில் ஒலிப்பதிவு செய்வதென்றால் வேவ் வடிவத்தில், 48 கிலோஹேர்ட்ஸில் வைக்கவும். சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்தவும். அது நிறுத்தப்படாவிட்டால் மோட்டார் சைக்கிள் ஒன்று கடந்ததும் அடுத்த சில விநாடிகளுக்குக் குருவிச் சத்தம் அமுங்கிப்போகும்.

குருவியின் சத்தத்தைப் போனில் போட்டு அழைக்கும் வேலை இந்தப் பயணத்தில் இல்லை. குளிர்காலத்தில் இந்த இனம் அதற்கு நம்பும்படி பதில் தராது. அதோடு பக்கத்தில் நிற்கிறவரின் போனில் மேர்லின் (சத்தத்தைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் செயலி) ஓடிக்கொண்டிருந்தால் அது நீங்கள் போட்ட சத்தத்தையே பிடித்து "இதோ பறவை" என்று பெயரைக் காட்டும். பட்டியலில் இப்படிப் புகுந்த பறவைகளைப் பிறகு வெளியேற்றுவது பெரும்பாடு.

சனி: படுவான்கரை

விடியற்காலை 5.15க்கு ஆரையம்பதியைக் கடந்து மண்முனைப் பாலத்தால் வாவியைத் தாண்டி, படுவான்கரை எனப்படும் மேற்குக் கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். சூரியன் 6.20 அளவில் வரும். அதற்கு அரை மணித்தியாலம் முன்பே வரம்பில் நிற்கவேண்டும். இந்தப் பேரினத்தின் உறவுக்காரர் எல்லாம் விடியும்போதும் இருளும்போதும்தான் வாய் திறப்பார்கள். வெயில் ஏறினால் மௌனம்.

இங்கே வட்டைகளில் (வயல்வெளிகளில்) பாதி வெட்டியாகிவிட்டது. வெட்டாத கண்டங்களைச் சுற்றி அறுவடை மெசின் ஓடிக்கொண்டிருந்தது. தேடவேண்டிய இடம் வயல் அல்ல, வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலின் ஓரம். அங்கும் எல்லாப் புல்லும் உதவாது. முழங்காலில் இருந்து இடுப்பு வரை உயரம், அடியில் ஈரம், தண்டுகளுக்கிடையே ஒரு குருவி நடக்கக்கூடிய இடைவெளி, இந்த மூன்றும் வேண்டும். ஆளுயரச் சம்பு அடர்ந்து நின்றால் அது ரீட் வாப்ளருக்கு. மாடு மேய்ந்து கணுக்கால் அளவில் நிற்கும் புல் நெட்டைக்காலிக்கு. இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் நமக்கு. காய்ந்த புல்லை விட்டுவிடலாம்.

வரம்பில் கம்பூட்சோடு நின்ற எங்களைப் பார்த்துவிட்டு வயற்காரர் ஒருவர் வந்தார். "என்ன மனே தேடுறீங்க?" என்றார். குருவி என்றதும் சிரித்துவிட்டு, "குருவி பாருங்க, அந்த வாய்க்கால் மூலைக்கு மட்டும் இறங்காதீங்க, ரெண்டு நாளா ஒரு முதல கிடக்கு" என்றார். இந்தப் பக்கத்தில் வரம்புக்காரரிடம் கேட்காமல் தண்ணீர் ஓரத்தில் குந்தியிருக்கக்கூடாது. வெட்டாத கண்டத்துக்குள் கால் வைப்பதும் கூடாது. கதிர் உதிர்ந்தால் நட்டம் அவருக்கு.

காலை முழுக்க எங்களை இழுத்தடித்தது சிஸ்டிகோலா என்ற சின்னப் புல்வெளிக் குருவி. செம்பிட்டக் கதிர்க்குருவியைக் கண்டதாகச் சொல்லப்படும் தவறான செய்திகளில் இந்தக் குருவியின் பங்கு பெரிது என்பதால் கொஞ்சம் நின்று எழுதவேண்டும்.

கையேட்டைப் புரட்டி "முதுகில் கருங்கோடு, பிட்டம் செம்பழுப்பு, வால் நுனியில் வெள்ளை" என்று மனப்பாடம் செய்துகொண்டு வயலுக்கு வருகிறவருக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே அந்த மூன்றும் கிடைத்துவிடும். ஏனென்றால் சிஸ்டிகோலாவுக்கும் முதுகில் கருங்கோடு உண்டு. அதன் பிட்டமும் கோடில்லாத செம்பழுப்பு. விரித்த வாலின் நுனியிலும் வெள்ளை. மூன்றும் பொருந்தியும் பறவை வேறு. வால்நுனி வெள்ளை ஓர் ஆரம்பம்தான், அதை வைத்து முடிவு சொல்லமுடியாது.

வேறுபாட்டை இந்த வரிசையில் பார்க்கவும். முதலில் அளவு. சிஸ்டிகோலா ஏறத்தாழ 10 செ.மீ., தையல்சிட்டைவிடச் சின்னது. செம்பிட்டக் கதிர்க்குருவி 13 தொடக்கம் 14 செ.மீ., உடம்பும் பருமன். பக்கத்தில் சில்லைக்குருவி நின்றால் அதை அளவுகோலாக வைக்கலாம். சில்லையைவிடத் தெளிவாகச் சின்னது என்றால் சிஸ்டிகோலா. அடுத்தது பறக்கும் விதம். சிஸ்டிகோலா புல்லில் இருந்து மேலே எழும்பும், காற்றில் ஏறி இறங்கி ஒவ்வொரு ஏற்றத்துக்கும் "சிப்… சிப்" என்று சொல்லும், போய்ப் புல்லின் உச்சியில் உட்கார்ந்து கால்களை அகட்டிக்கொண்டு உங்களைப் பார்க்கும். செம்பிட்டக் கதிர்க்குருவி புல்நுனி மட்டத்திலேயே, வாலை விரித்தபடி, சத்தமின்றி ஐந்து பத்து மீற்றர் போய்த் தலைகுப்புற விழுந்து மறையும். உச்சியில் உட்காரவே உட்காராது என்று சொல்லமுடியாது. ஆனால் உட்கார்ந்த பறவையை முதலில் சிஸ்டிகோலாவாகவே நினைப்பது நல்லது.

மூன்றாவது, வாலின் அடிப்புறம். இதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. வாலின் கீழே உடம்போடு ஒட்டி இருக்கும் மூடுசிறகுகள் செம்பிட்டக் கதிர்க்குருவியில் மிக நீளம், வாலின் பெரும்பகுதியை மறைத்துக்கொண்டு போகும். அதனால் பக்கவாட்டில் பார்க்கும்போது பின்பக்கம் கனத்து, படிப்படியாகக் கூராகி முடியும். சிஸ்டிகோலாவின் பின்பக்கத்தில் அந்தக் கனம் இல்லை, குட்டையான வால் தனியாக ஒட்டவைத்ததாகத் தெரியும். வெள்ளை நுனியிலும் வித்தியாசம் உண்டு. சிஸ்டிகோலாவில் வெள்ளைக்கு முன்னால் கறுப்புப் பட்டை பளிச்சென்று இருக்கும், மேலிருந்தும் கீழிருந்தும் தெரியும். மற்றதில் வால் கடைசிப் பக்கம் பொதுவாகவே கறுத்துப் போய், நடு இறகுச் சோடி தவிர மற்றவற்றின் நுனியில் சாம்பல் கலந்த வெள்ளை. வாலை விரித்து அது விலகிப் பறக்கும் நொடியில்தான் இது பிடிபடும்.

மற்றக் குருவிகளைச் சுருக்கமாகக் கழித்துவிடலாம். பிரினியாக்கள் எல்லாவற்றுக்கும் நீண்ட மெல்லிய வால், முதுகில் கோடில்லை. நெட்டைக்காலி வெளியில் நடக்கும், ஒளியாது.

ஒன்பது மணிக்கு வாவிக் காற்று எழும்பியது. புல் ஆடத் தொடங்கினால் அசைவை வைத்துத் தேடுவது முடியாத காரியம். கொக்கட்டிச்சோலையில் பிளேன்டீயோடு காலைப் பதிவு முடிந்தது: சேற்றுப் பூனைப்பருந்து, உள்ளான், மஞ்சள் வாலாட்டி, பழுப்புக் கீச்சான், மீசை ஆலா. இலக்குப் பறவை இல்லை. ஒரு வாய்க்கால் ஓரத்தில் கோடுள்ள ஏதோ ஒன்று எழும்பி விழுந்தது. அளவு பிடிபடவில்லை, வாலும் பார்க்கவில்லை. பெயர் எழுதாமல் விட்டோம்.

ஞாயிறு: கிட்டங்கி

கல்முனையில் இருந்து நாவிதன்வெளிப் பக்கம் போகும் வீதி, கிட்டங்கியில் சதுப்பைக் குறுக்கறுத்துப் போகிறது. மாரி வெள்ளத்தில் வீதியே தண்ணீருக்குள் போய்விடும் இடம். இப்போது வீதி காய்ந்து, இரு பக்கமும் சம்பு, பன், ஆற்றுவாழை. வீதி ஏறத்தாழக் கிழக்கு மேற்காகப் போவதால் காலையில் கல்முனைப் பக்கம் இருந்து மேற்கு நோக்கி நடந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். முதுகுக் கோட்டின் நிறமும் பிட்டத்தின் நிறமும் பிடிபட இந்த வெளிச்சம் வேண்டும். எதிர்வெயிலில் எல்லாக் கதிர்க்குருவியும் கறுப்புத்தான்.

ஆற்றுவாழை முழுக்க மூடிய பகுதியை விட்டுவிட்டோம். அதன் மேல் நீலத் தாழைக்கோழியும் இலைக்கோழியும் நடக்கும், நமது குருவிக்கு அங்கே வேலையில்லை. வீதியின் தென்புறம், பன் கலந்த புல் இடுப்பளவு நின்று, அதன் முன்னால் அரை மீற்றர் அகலத்துக்குச் சேறு வெளிப்பட்டிருந்த ஒரு துண்டு. நீளம் முப்பது மீற்றர் வரும். இதைத்தான் பார்க்கவேண்டும் என்று தீர்மானித்து 5.55க்கு உட்கார்ந்தோம். வீதியோரம் நிற்பதென்றால் வண்டிகள் வரும் பக்கத்தைப் பார்த்தபடி ஒருவர் எப்போதும் இருக்கவேண்டும். தொலைநோக்கியில் கண் வைத்தவருக்கு லொறி தெரியாது.

6.10 முதல் பிளைத்ஸ் ரீட் வாப்ளரின் "டக் டக்" நாலா பக்கமும். 6.25 அளவில் புல்லடியில் இருந்து வேறொரு சத்தம்: "ட்ர்ர்ட்" என்று காய்ந்து உருண்ட ஒலி, பிறகு கூர்மையாக "சிக்… சிக்". கையேட்டு விவரிப்போடு ஒத்துப்போகும் சத்தம்தான். ஆனால் ரீட் வாப்ளரும் எரிச்சலில் உருட்டிக் கத்தும் என்பதால் அதற்கு மேல் பொருள் கொடுக்கவில்லை. மேர்லின் எந்தப் பெயரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது சாட்சியாகாது; சத்தத்தைச் சேமித்து வைத்திருப்பதுதான் சாட்சி.

7.15க்கு மீன்காரர் ஒருவர் தோணியை இழுக்கப் புல்லோரமாக இறங்கினார். அவரது காலடியில் இருந்து ஒரு குருவி கிளம்பியது. புல்நுனி மட்டம், சத்தமில்லை, வால் விசிறியாக விரிந்திருந்தது. எட்டு மீற்றர் அளவு போய் விழுந்தது. கண்ணில் பட்டவை இவ்வளவுதான்: பிட்டம் செம்பழுப்பு, அதற்குப் பின்னால் வால் திடீரென்று கறுப்பு, நுனியில் வெளிறிய புள்ளிகள் ஒரு வளைவாக. மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியாகக் கொப்பியில் எழுதிவிட்டுத்தான் வாய் திறந்தோம். இதை வழக்கமாக்கிக் கொள்வது நல்லது. முதலில் பேசுகிறவரின் வார்த்தை மற்றவர் கண்ட காட்சியை மாற்றிவிடும்.

இனிச் செய்யவேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. விழுந்த இடத்தைப் போய்க் கிளப்பினால் அது இரண்டாம் முறை இன்னும் குறைவாகப் பறக்கும், மூன்றாம் முறை பறக்கவே பறக்காது, எலிபோல நடந்தே விலகிவிடும். தேடுகிறவரின் கால் பட்டுச் சேற்றுக்கரையும் கலங்கிப்போகும். அதனால் ஒரு முறை கிளம்பிய பறவையை மீண்டும் கிளப்புவதில்லை. விழுந்த இடத்துக்குப் பின்னால் தனியாக நின்ற ஒரு சம்புக் கதிரைக் குறியாக வைத்தோம். குருவி விழுந்த இடத்தில் இருக்காது, அங்கிருந்து பக்கவாட்டில் நடக்கும். எனவே அந்தக் குறிக்கு இரு புறமும் சேறு தெரியும் இடைவெளிகளை ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக்கொண்டோம். தொலைநோக்கியை அந்தத் தூரத்துக்கு முன்கூட்டியே குவித்து வைக்கவேண்டும். கெமராவில் தானியங்கிக் குவிப்பு முன்னால் நிற்கும் புல்லைத்தான் பிடிக்கும், அதை நிறுத்திவிட்டுக் கையால் சேற்றில் குவித்து வைப்பதே வழி. வேகம் 1/1000 விநாடிக்குக் குறையக்கூடாது. புல்லடி இருட்டில் படம் கரடுமுரடாக வந்தாலும் பரவாயில்லை, அசைந்த படத்தில் வாலடிக் கோடு தெரியாது.

7.40 போல இடப்பக்க இடைவெளியில் புல் அசைந்தது. காற்றில்லாத நேரம், தண்டின் உச்சி ஆடாமல் அடி மட்டும் ஆடினால் உள்ளே ஏதோ நடக்கிறது. தலை முதலில் வந்தது. உச்சந்தலையில் கருங்கோடுகள், கண்ணுக்கு மேல் வெளிறிய புருவம் தெளிவாக, அலகு சிஸ்டிகோலாவினதைவிட நீளமும் கனமும். பிறகு முழு உடம்பும் சேற்றுக்கு வந்தது. இளஞ்சிவப்புக் கால்கள், நீண்ட விரல்கள். ஒரு காலை வைத்து மறுகாலை வைத்து நடந்தது, தத்தவில்லை. வால் சேற்றில் படாமல் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, தண்டின் அடியில் ஒட்டியிருந்த எதையோ பக்கவாட்டாகக் கொத்தி எடுத்தது.

அந்தச் சில விநாடிகளில் பார்த்தே ஆகவேண்டியவை இரண்டு. ஒன்று, வாலடி மூடுசிறகு. கோடு இருக்கிறதா? வெறும் மங்கிய பழுப்பு மஞ்சள், ஒரு கோடும் இல்லை. இதனால் லான்சியொலேட்டட் வாப்ளர் கழிந்தது: அதற்கு வாலடியிலும் நெஞ்சிலும் விலாவிலும் நுண்ணிய கூரிய கோடுகள் உண்டு, உடம்பும் 12 செ.மீ. அளவில் சின்னது. கொமன் கிராஸ்ஹொப்பர் வாப்ளரும் கழிந்தது: அதற்கும் வாலடியில் கோடு உண்டு, புருவம் மங்கல், பிட்டத்தில் இந்தச் செம்மை இல்லை, வால்நுனியில் வெள்ளையும் இல்லை. இரண்டும் இலங்கையில் மிக மிக அரிது. அரிது என்பதற்காக அவற்றைக் கழிக்காமல் விடமுடியாது. இந்தப் பறவையும் அரிதுதானே.

மற்றது, மூடிய சிறகின் உள்பக்கம், முதுகை ஒட்டிக் கிடக்கும் பெரிய இறகுகள். கறுத்த நடுப்பகுதி, வெளிறிய விளிம்பு, ஒவ்வொன்றின் உள்நுனியிலும் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. இந்தப் புள்ளி நல்ல அடையாளம், ஆனால் தேய்ந்துபோகும். பெப்ரவரி, மார்ச்சில் புள்ளி தெரியவில்லை என்றால் அதை வைத்துப் பறவையைத் தள்ளிவிடக்கூடாது, தெரிந்தால் இலாபம். எங்களுக்கு வலச்சிறகில் தெரிந்தது. இடச்சிறகு புல்லுக்குள்.

ஒக்டோபர், நவம்பரில் வரும் இளம் பறவைகளில் கீழ்ப்புறம் மஞ்சள் சாயலும் நெஞ்சில் பொட்டுகளும் இருக்கும் என்று கையேடு சொல்வது சரி. இந்தப் பருவத்தில் அதைத் தேடி ஏமாறவேண்டாம். நாங்கள் பார்த்ததன் தொண்டை வெள்ளை, நெஞ்சும் விலாவும் அழுக்குப் பழுப்பு, பொட்டில்லை. வயது பற்றி எதுவும் எழுதவில்லை.

எட்டு மணிக்குப் பிறகு குருவி வெளியே வரவில்லை. வீதியால் போன ஒருவர் ஓட்டோவை நிறுத்தி, "என்ன தம்பி, ஆனயா?" என்று கேட்டார். யானை இல்லை, குருவி என்றதும் ஓட்டோ கிளம்பிவிட்டது. கேள்வி நியாயமானதுதான், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு இந்தப் பக்கம் யானை இறங்குவதுண்டு. இருளும்போது சத்தம் கேட்கலாம் என்று இங்கே தங்கி நிற்பது புத்தியல்ல.

திங்கள்: கல்முனை

அதிகாலையில் இருந்து மழை. பருவம் தப்பிய மழை இங்கே புதிதல்ல. அறை வேலைதான்: பதிவு எழுதுதல்.

கையேட்டைத் திறக்கும் முன் விவரிப்பை எழுதி முடிக்கவேண்டும். திறந்த பிறகு எழுதினால் புத்தகத்தின் பறவை கொப்பிக்குள் வந்துவிடும், சரிபார்க்கிறவர் ஒரு வாசிப்பிலேயே அதைக் கண்டுபிடிப்பார். தலையில் தொடங்கி வாலில் முடித்து, ஒவ்வொரு பகுதிக்கும் கண்டது அல்லது காணாதது என்று எழுதவும். எங்கள் பதிவில் காணாதவை: இடச்சிறகு, வாலின் வெளிச்சோடி இறகின் சரியான அமைப்பு. சத்தம் கேட்டது, ஆனால் கத்தும்போது பறவையைப் பார்க்கவில்லை. எனவே "அநேகமாக இதே பறவை" என்று மட்டும். தூரம், வெளிச்சத்தின் திசை, தொலைநோக்கி, எத்தனை பேர் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் என்பவை கட்டாயம். பிறகு எந்தெந்த இனத்தை எதனால் கழித்தோம் என்று தனிப் பந்தி. அரிய பதிவு நிராகரிக்கப்படுவது அநேகமாக இந்தப் பந்தி இல்லாததால்தான். "நான் நன்றாகப் பார்த்தேன்" என்பது யாருக்கும் உதவாது.

பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையத்தளமான ஈபேர்டில் ஏற்றும்போது அரிய இனம் என்று எச்சரிக்கை வந்து விளக்கம் கேட்கும். அங்கே மேற்படி விவரிப்பை அப்படியே ஒட்டலாம். படங்களை வெட்டி மெருகேற்றியதோடு மூலப்படத்தையும் வைத்திருக்கவேண்டும், ஏனென்றால் வெளிச்சத்தைக் கூட்டினால் பிட்டத்தின் செம்மை பொய்யாகக் கூடும். ஒலிப்பதிவைச் சுருக்காமல் வேவ் ஆகவே ஏற்றவும். நாட்டுக்குள் 1943இல் இருந்து இயங்கும் சிலோன் பேர்ட் கிளப்புக்கும், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் களப் பறவையியல் குழுவுக்கும் தகவல் அனுப்புவது முறை. கிழக்கில் இருந்து போகும் பதிவுகள் குறைவு. பறவைகள் குறைவென்பதால் அல்ல, பார்க்கிறவர்கள் குறைவென்பதால் என்பது எங்கள் எண்ணம்.

வலை போட்டுப் பிடித்து அளந்தால் சந்தேகமே இருக்காது என்று சிலர் சொல்வதுண்டு. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி வலை போடுவது குற்றம். இந்த இனத்துக்கு அது தேவையும் இல்லை. வாலடியும் சிறகுப் புள்ளியும் கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

செவ்வாய்: லகுகலை

பொத்துவிலில் இருந்து மொனராகலை வீதியில் பதினைந்து கிலோமீற்றர் அளவில் லகுகலைக் குளம். குளம் நிறைய பேறு என்று சிங்களத்தில் சொல்லும் புல். யானைகள் இதற்காகவே வருகின்றன. லகுகலை கித்துலானை தேசியப் பூங்கா 1980இல் பிரகடனமானது, 1,554 ஹெக்டெயர். புல்லின் உயரம், அடியில் ஈரம் எல்லாம் நமது கணக்குக்குச் சரியாகப் பொருந்தும் இடம். ஆனால் அதற்குள் இறங்கித் தேட முடியாது, தேடவும் கூடாது. குளக்கட்டில் இருந்து பார்க்கும்போது மிகக் கிட்டிய புல்லே நாற்பது மீற்றருக்கு அப்பால். இந்தத் தூரத்தில் கிளம்பி விழும் கோடுள்ள குருவிக்குப் பெயர் வைக்கமுடியாது. அப்படி ஒன்றிரண்டு கிளம்பின, உச்சியில் போய் உட்கார்ந்தன, சிஸ்டிகோலா.

வீதியோர மரங்களில் வேறு பாடம் கிடைத்தது. கிரீன் வாப்ளரும் லார்ஜ்-பில்ட் லீப் வாப்ளரும் ஒரே மரத்தில். நிறத்தை வைத்துப் பிரிக்கப் போனால் பொழுது போய்விடும், சத்தம் ஒரு நொடியில் பிரிக்கும். முதலாவது "சிஸ்-வி-ரீ" என்று ஒழுகும். மற்றது "டிர்-டீ" என்று இரண்டு துண்டு, இரண்டாவது துண்டு மேலே ஏறும். முகத்தில் அலகின் கனமும் கண்கோட்டின் கருமையும் பிந்தியதில் கூடுதல்.

கிட்டங்கிக்குப் போக நினைப்போருக்குச் சில விவரங்கள். மட்டக்களப்பில் இருந்து கல்முனைக்கு சுமார் 40 கிலோமீற்றர். விடியலுக்கு முன் சதுப்பில் நிற்க பஸ் உதவாது; முதல் நாளிரவு கல்முனையில் தங்கி ஓட்டோ பேசிக்கொள்ளவும். மூன்று பேருக்கு மேல் வேண்டாம். தென்புறப் புல்லுக்குள் இறங்கவேண்டாம். சேற்றுக்கரையை மிதித்துவிட்டால் குருவி வேறிடம் போகும், அடுத்து வருகிறவருக்கு ஒன்றும் இராது. தோணி இழுப்பவர்களிடம் முதலே சொல்லிவிட்டு உட்காரவும், எந்த மூலையில் முதலை கிடக்கிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். மழை பெய்து நீர் பத்து சென்ரிமீற்றர் ஏறினாலே அந்தச் சேற்றுத் துண்டு மறைந்துவிடும். அப்படியானால் வீதியின் வடபுறத்தில், புல்லுக்கும் வயல் வரம்புக்கும் நடுவே புதிதாக ஒரு ஈர ஓரம் உருவாகியிருக்கும். தேடலை அங்கே தொடங்கவும்.